வெல்டிங் பிளான்டில் சிறிய மின்வில் உலை: இரும்பு, இல்மனைட்டு, சிலிக்கன்

"புல்மோட்டைக் கறுப்பு மணலுக்குள்ள இரும்பு இருக்கெண்டா அதை நாங்களே உருக்கி எடுக்க ஏலாதா?" எங்கள் பட்டறைக்கு வேலை பழக வரும் பெடியன்கள் இதைக் கேட்காத வருடம் இல்லை. ஏலும். திருகோணமலைப் பக்கம் புல்மோட்டைக் கரையில் கறுப்பாகக் கிடப்பதில் முக்கியமானது இல்மனைட்டு, இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு சேர்ந்த கனியம். கனடாவின் சோரெல், நோர்வேயின் டிசெடால், தென்னாபிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே ஆகிய இடங்களில் இல்மனைட்டை மின்வில் உலையில் போட்டுத்தான் இரும்பையும் தைத்தேனியக் கசடையும் (கசடு என்பது உருகிய உலோகத்தின் மேல் மிதக்கும் படை) பிரிக்கிறார்கள். எங்களிடம் மணலைப் பிரித்துக் கப்பலேற்றுவதோடு வேலை நின்றுவிடுகிறது. அவர்கள் தொன் கணக்கில் செய்வதை வெல்டிங் பிளான்டில் ஓடும் சின்ன உலையில் 200 கிராமில் செய்து பார்த்தால் அந்தத் தொழிலின் நெளிவுசுளிவு முழுக்கக் கைக்கு வரும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் இருத்துங்கள். மின்வில், அதாவது இரண்டு கோல்களுக்கு நடுவே மின் பாய்ந்து எரியும் சுடர், சூட்டை மட்டும்தான் தரும். உலோகத்தைச் சுத்தமாக்குவது நீங்கள் உள்ளே போடும் பொருளும் மேலே மூடும் கசடும். நிலக்கரி உலையில் கரியின் சாம்பலும் கந்தகமும் உலோகத்தோடு சேரும், மின்வில்லில் அது இல்லை, இதன் பெரிய நன்மை அதுதான். வில்லியம் சீமென்ஸ் 1878-79 காலத்தில் இப்படியான உலைக்குக் காப்புரிமை எடுத்தார். அதை உருக்குத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் பிரான்சின் போல் எரூ, 1886இல் அலுமினியத்தை மின்பகுப்பால் எடுக்க வழி கண்டாரே, அவரேதான்.

சரி, கணக்குப் பார்ப்போம். வில் 150 அம்பியரில் 30 வோல்ட் எடுத்தால் 4.5 கிலோவாட். ஒரு கிலோ இரும்பை 1600 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 0.38 யூனிட் போதும், அப்படியென்றால் 250 கிராமுக்கு ஒன்றரை நிமிடம்கூடத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் செங்கல்லும் மூசையும் (உலோகத்தை உருக்கும் பாத்திரம்) குடிக்கிற சூடுதான் கூட. குளிர்ந்த உலையில் முதல் உருக்கலுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும், அந்தச் சூட்டோடேயே அடுத்ததைப் போட்டால் பாதி நேரம். உங்கள் பிளான்டின் தகட்டில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம்தான் வேலை வாங்கலாம் என்று அர்த்தம், மீறினால் சுருள் கருகும். வீட்டு லைனில் செய்யவே வேண்டாம், பட்டறை இணைப்பும் சரியான கனத்துக் கேபிளும் ட்ரிப் சுவிட்சும் இருக்கும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். வில் நிலையாக எரியாமல் துள்ளும்போது பக்கத்து வீட்டு லைட்டும் மினுங்கும், பெரிய உலைகளுக்கும் இதே தொல்லை உண்டு.

உலை கட்டுவது கடினமில்லை. சூளைக்குப் பாவிக்கும் இலேசான தீச்செங்கல் நாலைந்து எடுத்து நடுவில் மூசை அமரும் அளவுக்குக் குடைந்து, எதிரெதிர்ப் பக்கங்களில் 8 மில்லிமீற்றர் காபன் கோல் தாராளமாகப் போய்வரும் இரண்டு துளை போடுங்கள். துளைகள் மூசையின் வாய்க்குச் சற்று மேலே வர வேண்டும். கோல்கள் என்பது இரும்பைச் சுரண்டி வெட்டப் பாவிக்கும் கோல்கள்தான், அவற்றின் மேல் செப்புப் பூச்சு இருக்கும். பிளான்டின் கேபிள் பிடிக்குள் போகும் இடத்தில் அதை விட்டுவிட்டு உலைக்குள் நிற்கும் நீளத்துக்கு அரத்தால் சுரண்டி எடுங்கள், இல்லாவிட்டால் செப்பு உருகி மூசைக்குள் சொட்டும். இரண்டு கோலையும் தொடவைத்து அரை சென்ரிமீற்றர் விலக்கினால் வில் பிடிக்கும். எரிய எரிய உள்ளே தள்ளிக் கொடுக்க வேண்டும். மேலே ஒரு செங்கல் மூடி.

இனிப் பாதுகாப்பு. இதை ஒருதரம் வாசித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். காபன் வில்லின் வெளிச்சம் சாதாரண வெல்டிங்கை விடக் கடுமை, 14ஆம் எண் கண்ணாடி நல்லது, 12ஐ விடக் குறையக் கூடாது, பக்கத்தில் நிற்பவருக்கும் அதேதான். கையும் கழுத்தும் மூடிய தடித்த பருத்திச் சட்டை, தோல் கையுறை, தோல் சப்பாத்து. காபன் எரிகிற இடத்தில் காபனோரொட்சைட்டு வரும், அதற்கு மணமில்லை, திறந்த கொட்டிலில் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடிக்க நின்று செய்யுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் ஈரத்தில். திருகோணமலைக் கடற்காற்று சும்மா இருக்கும் மூசைக்குள்ளும் செங்கல்லுக்குள்ளும் ஈரத்தை ஏற்றிவிடும், கார்த்திகை மார்கழி மழைக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு நவம்பரில் தட்டில் கிடந்த மூசையை வெயிலில் காயவைத்தது போதும் என்று நினைத்து உருகிய இரும்பை அதற்குள் ஊற்றினேன். படார் என்று வெடித்துத் தெறித்து என் சட்டைக் கை இரண்டு இடத்தில் ஓட்டையானது, முகமூடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அன்றிலிருந்து மூசை, அச்சு, கிளறும் கம்பி, போடும் இரும்பு எல்லாவற்றையும் கரியடுப்பில் மங்கலாகச் சிவக்கும்வரை சூடாக்கிய பிறகே தொடுகிறேன். ஊற்றும் இடத்தில் சீமெந்துத் தரை வேண்டாம், ஒரு சாண் கனத்துக்கு உலர்ந்த மணல் போடுங்கள். மூடிய குழாய்த் துண்டு, ஷொக் அப்சோபர் போன்றவற்றை வெட்டாமல் உள்ளே போடவே கூடாது. நாகம் (சிங்க்) பூசிய தகரமும் வேண்டாம், அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவு குளிர்காய்ச்சல் வரும்.

முதல் உருக்கலுக்குப் பழைய பிரேக் ட்ரம் துண்டு எடுங்கள். அது வார்ப்பிரும்பு, 1150 முதல் 1200 பாகைக்குள் இளகிவிடும், கிராபைட் மூசையில் தொல்லை தராமல் உருகும். இதே மூசையில் மெல்லிரும்புக் கம்பியைப் போட்டால் அது மூசையின் காபனைக் குடித்துக் குடித்து வார்ப்பிரும்பாகவே மாறிவிடும். நாலு சதவீதம்வரை குடிக்கும். உருக்கு வேண்டுமென்றால் கிராபைட் சரிவராது, மக்னீசியா மூசை வாங்குங்கள். களிமண் மூசையிலும் அலுமினா மூசையிலும் சுண்ணாம்புக் கசடு ஏறினால் மூசையே கரைந்துபோகும். கோல்கள் உருகிய உலோகத்தைத் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டால் அங்கேயும் காபன் ஏறும்.

இனிச் சுத்திகரிப்பு. இதற்குச் சுட்ட சுண்ணாம்பு வேண்டும். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைப் பாவிக்காதீர்கள், அது நீர்த்த சுண்ணாம்பு, சூட்டில் நீராவி கக்கும். கரையில் பொறுக்கிய சிப்பியைக் கழுவி, கரியடுப்பில் நன்றாகச் சிவந்து வெளுக்கும்வரை சுட்டு, ஆறும் முன்பே இறுக்கமான டின்னில் அடையுங்கள். மக்னீசியா மூசையில் 250 கிராம் இரும்பு உருகியதும் 15 கிராம் சுண்ணாம்பும், கொல்லன் பட்டறையில் சம்மட்டி அடிக்கும்போது உதிரும் கறுப்புச் செதில் 20 கிராமும் சிறிது சிறிதாகத் தூவுங்கள். செதிலில் இருக்கும் ஒட்சிசன் காபனைப் பிடித்துக் குமிழ் குமிழாகக் கொதிக்கவைக்கும், சிலிக்கனும் மங்கனீசும் பொசுபரசும் கசடுக்குள் ஏறும். பொசுபரசு கசடுக்குள் நிற்பதற்கு மூன்று விஷயம் வேண்டும்: ஒட்சிசன், சுண்ணாம்பு, அளவான சூடு. அதனால் கொதி அடங்கியதும் அந்தக் கசடை வழித்து எடுத்துவிட்டுத்தான் சூட்டை ஏற்ற வேண்டும், விட்டுவைத்தால் போன பொசுபரசு திரும்பி இரும்புக்குள் இறங்கிவிடும். கந்தகத்துக்கு இதற்கு நேர்மாறு, அது போவதற்கு ஒட்சிசன் இல்லாத, சூடு கூடிய, சுண்ணாம்பு நிறைந்த கசடு வேண்டும். சுண்ணாம்பும் அலுமினாத் தூளும் சரிபாதி கலந்த கசடை இரண்டாம் தரம் போட்டு, ஒரு சிறு அலுமினியக் கம்பித் துண்டை உள்ளே அமிழ்த்திக் கிளறுங்கள். இரண்டு கசடையும் ஒரே நேரத்தில் போட்டு வேலையைச் சுருக்க நினைத்தால் பொசுபரசும் போகாது, கந்தகமும் போகாது.

எந்தக் கசடாலும் எடுக்க முடியாத இரண்டு உண்டு, செப்பும் வெள்ளீயமும். அவை இரும்பை விட ஒட்சிசனில் நாட்டம் குறைந்தவை, கசடுக்குள் போகாது. பழைய இரும்பில் மோட்டார்ச் சுருளோ வயர்த் துண்டோ சிக்கியிருந்தால் உலைக்கு முன்பே கையால் பிடுங்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த உருக்கைச் சூட்டில் அடிக்கும்போது மேற்பரப்பு வெடிக்கும். உருக்கு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க கிரைண்டரில் பிடியுங்கள், காபன் கூடினால் பொறி நட்சத்திரமாகக் கிளைவிடும், குறைந்தால் நீளக் கோடாகப் போகும்.

இப்போது கறுப்பு மணல். கரையில் போய் அள்ளி வராதீர்கள், அது அனுமதி வேண்டிய கனியம், அத்தோடு பிரிக்காத மணலில் மொனசைட்டு இருக்கலாம், அதில் கதிர்வீச்சுள்ள தோரியம் உண்டு. முறைப்படி கிடைத்த, பிரித்த இல்மனைட்டு மட்டும் எடுங்கள். 100 கிராமுக்குக் கணக்குப்படி 8 கிராம் காபன் போதும், சிரட்டைக்கரியின் சாம்பலையும் எரிந்துபோவதையும் சேர்த்து 10 கிராம் போடுங்கள். கரியை மாவாக இடித்து, மணலோடு கலந்து, பழைய கிராபைட் மூசையில் வையுங்கள், அந்த மூசை திரும்பப் பாவிக்க உதவாது. கரியைக் கூட்டினால் இரும்பு கூட வரும் என்று நினைக்கத் தோன்றும், வராது, தைத்தேனியம் காபனோடு சேர்ந்து கசடு கஞ்சியாகத் தடித்து இரும்புத் துளிகள் கீழே இறங்காமல் சிக்கிக்கொள்ளும். பெரிய ஆலைகளே பத்து சதவீத அளவுக்கு இரும்பு ஒட்சைட்டைக் கசடில் வேண்டுமென்றே விட்டுவைக்கின்றன. அந்தக் கசடு எந்தச் செங்கல்லையும் தின்னும் என்பதால் உலையின் ஓரத்தைக் குளிரவைத்து, உறைந்த கசடையே சுவராக நிறுத்திக்கொள்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த வேலைநுட்பம் இது. ஆறியதும் உடைத்துப் பார்த்தால் அடியில் இரும்புக் குண்டு இருக்கும், காந்தம் படக்கென்று பிடிக்கும். 37 கிராமுக்கு மேல் வரவே முடியாது, 25 வந்தால் நல்ல வேலை. தைத்தேனிய உலோகம் இந்த வழியில் வராது, அதற்குக் குளோரைட்டாக்கி மக்னீசியத்தால் பிரிக்க வேண்டும்.

சிலிக்கனுக்கும் இதே உலை போதுமா என்று கேட்பீர்கள். சுத்த சிலிக்கனுக்குப் போதாது. 60 கிராம் படிகக்கல்லுக்கு (சிலிக்கா) 24 கிராம் காபன், 28 கிராம் சிலிக்கன் என்பது காகிதக் கணக்கு. உண்மையில் 2000 பாகை அளவில் சிலிக்கன் ஓரொட்சைட்டு வாயுவாகக் கிளம்பி மேலே வெண்புகையாகப் போய்விடும். பெரிய உலைகளில் கோல்களைக் கல்லும் கரியும் மரச்சிராயும் சேர்ந்த குவியலுக்குள் புதைத்து வைப்பது அந்த வாயுவைக் குவியலிலேயே பிடித்துத் திருப்பத்தான், அப்படியும் ஒரு தொன்னுக்கு 11 முதல் 13 ஆயிரம் யூனிட் போகும். எங்கள் அளவில் இரும்பாணி சேர்த்துப் போட்டால் பிறக்கிற சிலிக்கன் இரும்பில் கரைந்து தப்பிவிடும், இரண்டும் சேர்ந்த ஃபெரோசிலிக்கன் கிடைக்கும். தம்பலகாமம் ஆலைகளில் மலையாகக் கிடக்கும் உமியின் சாம்பலும் பெரும்பாலும் சிலிக்காதான், ஆனால் அதில் பொட்டாசியமும் பொசுபரசும் உண்டு, அமிலத்தில் கழுவாமல் போட்டால் பொசுபரசு அப்படியே சிலிக்கனுக்குள் போய்ச் சேரும். சோலார் தகட்டுக்காரருக்கு எடுக்கவே கஷ்டமானவை அதுவும் போரனும்தான்.

வாங்கிய சிலிக்கனைச் சுத்தமாக்கிப் பார்க்க ஆசைப்பட்டால் 1414 பாகையில் உருக்கி, மூசையை அடியிலிருந்து மேலாக மிக மெதுவாகக் குளிரவிடுங்கள். இரும்பு போன்ற அழுக்கு கடைசியாக உறையும் மேற்பகுதிக்கு ஒதுங்கும், அதை வெட்டி எறியலாம். மூசையை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள், சிலிக்கன் உறையும்போது தண்ணீரைப் போலப் பருக்கும், ஏறத்தாழ பத்து சதவீதம், அடியும் மேலும் முந்தி உறைந்து நடுவில் திரவம் அடைபட்டால் மூசையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஆறிவிட்டது என்று தெரியும்வரை முகமூடியைக் கழற்ற வேண்டாம்.