அம்மாவின் கட்டைவிரலும் வங்கிக் கருவியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அம்மா தனியாக இருக்கிறார். சமூகநல இலாகாவின் முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்கில்தான் விழும். அம்மாவின் கணக்கோ பல வருடமாக முடங்கிக் கிடந்தது. அதை உயிர்ப்பிக்கப் போனால், கவுண்டரில் இருந்த ரேகைக் கருவி அவர் வலது கட்டைவிரலை ஏற்கவே இல்லை.

ரேகை பதிவாகியிருக்கும் மைகாட் (அடையாள அட்டை) சில்லில் அழுக்கு என்று நினைத்து ரப்பரால் தேய்த்தேன். பலனில்லை. அடுத்த நாள் தேங்காய் எண்ணெய் தடவி அழைத்துப் போனேன். இன்னும் மோசம், கண்ணாடியில் வழுக்கியது. மூன்றாம் நாள் ஆள்காட்டி விரலை வைக்கச் சொன்னேன். அது என் முட்டாள்தனம். மைகாட்டில் பதிவாகியிருப்பது இரண்டு கட்டைவிரல்களின் ரேகைதான், மற்ற விரல் எதை வைத்தும் பிரயோசனமில்லை.

வீட்டுக்கு வந்து உதவும் தொண்டூழிய அக்காதான் அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். முப்பது வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுத்த கை. உளியைப் பிடித்த வலது கட்டைவிரல் வழவழவென்று இருந்தது. இடது விரலில் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன.

மறுநாள் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே இடது கட்டைவிரலை ஈரத் துணியில் ஐந்து நிமிடம் சுற்றி வைத்தோம். எண்ணெய், லோஷன் எதுவும் இல்லை. நீரை ஒற்றிவிட்டு, "இடது" என்று அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி, விரலை அழுத்தாமல் தட்டையாக வைத்தார் அம்மா. இரண்டாவது தடவையில் பச்சை விளக்கு எரிந்தது.

நான்கு நாள் சம்பளமில்லா லீவு போனதுதான் நஷ்டம். கணக்கு எண்ணை அன்று மதியமே இலாகாவில் கொடுத்துவிட்டோம்.