குமரி மாவட்டத்திலிருந்து டயாலிசிஸோடு வருபவர்களுக்கு: இன்சுலினும் சர்க்கரை அளவும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளிலிருந்து பிள்ளைகளோடு வாழ லண்டனுக்கோ டொரண்டோவுக்கோ மெல்போர்னுக்கோ வந்து சேரும் பெற்றோரில் சிலர், நெடுநாள் சர்க்கரை நோயோடும் வாரத்தில் 3 நாள் டயாலிசிஸோடும் வருகிறார்கள். டயாலிசிஸுக்கு இடம் உறுதியாகாமல் பயணச்சீட்டு எடுக்கக் கூடாது என்பது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சர்க்கரையைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

முதலில் இன்சுலின். நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட் வீரியம் கொண்டவை. அவற்றுக்கென்றே சிவப்பு மூடியிட்ட சிரிஞ்சு இருக்கிறது. இந்த நாடுகளில் வழக்கத்தில் உள்ளது ஒரு மில்லிக்கு 100 யூனிட் இன்சுலின். ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மூடி சிரிஞ்சில் இங்கு வாங்கிய மருந்தை 20 என்ற கோடு வரை இழுத்தால், உடம்பில் ஏறுவது 20 அல்ல, 50 யூனிட். ஆகவே பழைய சிரிஞ்சுகளைப் பெட்டியிலேயே வைக்காமல் வருவது நல்லது. பேனா ஊசி நம் ஊரிலும் 100 யூனிட் வீரியமே என்பதால், புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு அதற்கு மாறிக்கொள்வதே மிகவும் பாதுகாப்பான வழி என்பது என் கருத்து. இன்சுலினைக் கைப்பையில் எடுத்துவர வேண்டும்; சரக்கு அறையின் குளிரில் அது உறைந்தால் பயன்படாது.

அடுத்தது அளவுமானி. ஊரில் 180 என்று காட்டிய கருவிக்குப் பதிலாக இங்குள்ள கருவி 10 என்று காட்டும், இரண்டும் ஒன்றே. இங்குள்ள எண்ணை 18 ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு கிடைக்கும். '4' என்று பார்த்ததும் ஏதோ சிறிய எண் என்று விட்டுவிடக் கூடாது. அது 72, அதற்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும்.

டயாலிசிஸில் இருப்பவருக்கு அதிகச் சர்க்கரையைவிடத் தாழ்ந்த சர்க்கரையே அவசர ஆபத்து. இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்குண்டு. அது செயலிழந்தபின் போட்ட மருந்து உடம்பில் நெடுநேரம் தங்குகிறது, பட்டினியில் குளுக்கோஸ் உண்டாக்கும் சிறுநீரகத்தின் உதவியும் நின்றுபோகிறது. பல ஆண்டுகள் போட்ட அளவு இப்போது மிகையாகிவிடுவதும், சிலருக்கு ஊசியே தேவைப்படாமல் போவதும் இதனால்தான். டயாலிசிஸ் நடக்கும் 4 மணி நேரத்தில் குளுக்கோஸும் இரத்தத்தைச் சுத்திகரிக்கப் பயன்படும் திரவத்தின் வழியே வெளியேறக்கூடும். திரவத்தில் எவ்வளவு குளுக்கோஸ் சேர்க்கிறார்கள் என்பது மையத்துக்கு மையம் மாறும் என்பதால், ஊரில் மயக்கம் வராதவருக்கு இங்கு வரலாம். அன்று மாலை சர்க்கரை ஏறுவதும் உண்டு. எனவே டயாலிசிஸ் நாளின் ஊசி அளவைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் படுக்கும் முன்பும் பாருங்கள். விரலில் குத்துவது ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவையில் இணைத்த இரத்தக்குழாய்) இல்லாத கையில் இருக்கட்டும்.

சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் வந்தால் நம் வீட்டார் கை நீட்டுவது இளநீருக்கும் பழத்துக்கும்தான். இவர்களுக்கு இரண்டும் சரியல்ல. இளநீர், ஆரஞ்சு சாறு, நேந்திரம்பழம், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. இரத்தத்தில் அது கூடினால் இதயத்துடிப்பே தடுமாறும். வெறும் வெள்ளைச் சர்க்கரை 3 தேக்கரண்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாய்வழி எதையும் கொடுக்காமல் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். சில இரத்த அழுத்த மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும் என்பதால் அறிகுறிக்காகக் காத்திருப்பதும் சரியல்ல.

கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் ஆழமானது. ஏற்றும், கூடவே பொட்டாசியமும் தரும். மரச்சீனிக்கிழங்கை (மரவள்ளியை) அடியோடு விலக்க மனம் வராதவர்கள், சிறு துண்டுகளாக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீன்குழம்போடு ஓரிரு துண்டு மட்டும் எடுக்கலாமா என்று உணவியலாளரிடம் கேளுங்கள். கருவாடும் ஊறுகாயும் தாகத்தைக் கூட்டும். சர்க்கரை ஏறினாலும் தாகம் வரும். சிறுநீர் போகாதவருக்குக் குடித்த தண்ணீர் அடுத்த டயாலிசிஸ் வரை எடையாகவே நிற்கும்.

கடந்த 2, 3 மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6 என்று வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். இரத்த அணுக்களின் ஆயுள் இவர்களுக்குக் குறைவு. இரத்த அணுக்களைப் பெருக்கப் போடும் எரித்ரோபாய்டின் ஊசியும் இரத்தம் ஏற்றுவதும் அந்த எண்ணை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். வீட்டில் அன்றாடம் பார்த்து எழுதிய கணக்கே நம்பத்தக்கது. பெட்டியில் மிச்சம் கிடக்கும் மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை இந்த நிலையில் விழுங்கக் கூடாது.

புறப்படும் முன் டயாலிசிஸ் மையத்திலிருந்து வறண்ட எடை (மிகையான நீர் நீங்கியபின் இருக்க வேண்டிய எடை), டயாலிசர் (இரத்தத்தை வடிகட்டும் கருவி) வகை, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் அளவு, ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றோடு, இன்சுலினின் பெயர், அதன் வீரியம், டயாலிசிஸ் நாளுக்கும் மற்ற நாளுக்குமான யூனிட் அளவு ஆகியவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதி வாங்குங்கள். மருந்துச் சீட்டில் வீரியத்தைப் பலரும் குறிப்பிடுவதில்லை. கேட்டு எழுத வைக்க வேண்டும்.