ஃப்ரம்சாஃப்ட்வேர் கேம்களை எங்கிருந்து தொடங்குவது, எப்படி ஆடுவது

ஃப்ரம்சாஃப்ட்வேர் கேம் என்றாலே "அது ரொம்பக் கஷ்டம், நமக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கிப்போகிறவர்கள் நிறைய பேர். கஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த கேம்கள் நம் விரல் வேகத்தைவிட நம் கவனத்தைத்தான் அதிகம் கேட்கின்றன. நின்று பார்த்து ஆடத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் முடித்துவிடலாம், இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

டோக்கியோவில் 1986-ல் அலுவலக மென்பொருள் எழுதத் தொடங்கிய கம்பெனி இது. 1994-ல் பிளேஸ்டேஷனுக்காக கிங்ஸ் ஃபீல்டு என்ற முதல் கேமை வெளியிட்டார்கள். இருட்டு, மெதுவான நடை, வழிகாட்ட ஆளே இல்லாத உலகம் என்று இன்றைக்கும் இவர்களுடைய அடையாளமாக இருப்பது அதிலேயே இருந்தது. 2004-ல் வேலைக்குச் சேர்ந்த ஹிடேடகா மியாசாகி இயக்கிய டீமன்ஸ் சோல்ஸ் 2009-ல் வந்தது, 2011-ல் டார்க் சோல்ஸ். அதற்கப்புறம் நடந்தது ஊரறிந்த கதை.

சரி, எதை முதலில் எடுப்பது? வெளிவந்த வரிசையில் ஆட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. 2022-ல் வந்த எல்டன் ரிங்கிலிருந்து தொடங்குங்கள். மற்ற கேம்களில் ஒரு பாஸிடம் (பலமான பெரிய எதிரியிடம்) மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், இதில் திறந்த உலகம் என்பதால் வேறு பக்கம் போய் பலம் சேர்த்துக்கொண்டு திரும்பி வரலாம். 2015-ல் வந்த பிளட்போர்ன் அற்புதமான கேம்தான், ஆனால் பிளேஸ்டேஷன் இருந்தால்தான் ஆட முடியும். 2025-ல் வந்த நைட்ரெயின் மூன்று பேர் சேர்ந்து ஓட்டமும் நடையுமாக ஆடுவதற்கென்றே செய்தது, முதல் கேமாக அதை எடுக்காதீர்கள்.

எல்டன் ரிங்கில் ஆரம்பக் குகையைவிட்டு லிம்கிரேவ் என்ற முதல் பகுதியின் வெளிச்சத்துக்கு வந்ததுமே, தங்கக் கவசம் போட்ட குதிரை வீரன் ஒருவன் எதிரே உலாத்திக்கொண்டிருப்பான். எதிரி தெரிந்தால் அடித்தே ஆக வேண்டும் என்று பழகியவர்கள் நேரே அவனிடம் போய்ச் சாவார்கள். மரங்களை ஒட்டிச் சுற்றிப் போங்கள், அவ்வளவுதான். எதை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்று முடிவு செய்வதும் உங்கள் வேலை என்பதைத்தான் முதல் ஐந்து நிமிடத்திலேயே கேம் காட்டுகிறது. அங்கிருந்து கிரேஸ் எனப்படும், உட்கார்ந்து இளைப்பாறும் இடங்களின் ஒளி காட்டும் திசையில் போனால் சீக்கிரமே டாரண்ட் என்ற குதிரை கிடைக்கும். கிடைத்ததும் எல்லே தேவாலயத்துக்குத் திரும்பி வாருங்கள், அங்கே உட்கார்ந்திருக்கும் ரென்னா உங்களுக்கு ஒரு மணியும் ஓநாய்களின் சாம்பலும் கொடுப்பாள். பாஸ் சண்டையில் அந்த மணியை அடித்து, சாம்பலிலிருந்து மூன்று ஆவி ஓநாய்களை இறக்கிவிட்டால் எதிரியின் கவனம் சிதறும், உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

லெவல் ஏற்றும்போது தொடக்கத்தில் விகரில், அதாவது உயிரின் அளவில், தாராளமாகப் போடுங்கள். அடியின் பலம் ஆயுதத்தை மேம்படுத்தினாலே கணிசமாகக் கூடிவிடும், உயிர் அப்படிக் கூடாது. சுமக்கும் எடை உங்களால் தாங்க முடிந்ததில் 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டால், அடியிலிருந்து தப்ப உருளுவது பாறை புரளுவது போல ஆகிவிடும், ஆகவே அழகான கனத்த கவசம் கிடைத்தாலும் எடையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஸ்டாமினாவை (அடிக்கவும் உருளவும் செலவாகும் தெம்பை) ஒரேயடியாகக் காலி செய்யாமல் ஒரு உருளலுக்காவது மிச்சம் வையுங்கள்.

இப்போது மார்கிட். ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் நிற்கும் இந்தப் பாஸிடம்தான் பாதிப் பேர் கேமைக் கைவிடுகிறார்கள். அவன் கைத்தடியைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு கணம் அப்படியே நிறுத்தி வைப்பான். தூக்கியதுமே பயந்து உருண்டால் நீங்கள் எழுந்திருக்கும் நேரத்தில் சரியாக அடி இறங்கும், அப்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். கை மேலே போவதைக் கண்டுகொள்ளாதீர்கள், கீழே இறங்கத் தொடங்கும்போது உருளுங்கள். அதுவும் பின்னால் போகாமல் அவனை நோக்கி, பக்கவாட்டில். முதல் சில முறை ஒரு அடிகூட அடிக்காமல் வெறுமனே தப்பிப் பழகுங்கள், எந்த அடிக்குப் பிறகு அவன் தடுமாறி நிற்கிறான் என்பது தானாகத் தெரிந்துவிடும். அந்த இடைவெளியில் ஒரே அடி, ஆசைப்பட்டு இரண்டாவது அடிக்குப் போகாதீர்கள். அப்போதும் முடியவில்லை என்றால் தெற்கே வீப்பிங் தீபகற்பத்துக்குப் போய்ச் சுற்றிவிட்டு, பலமாகி வாருங்கள்.

செத்தால், எதிரிகளைக் கொன்று சேர்த்த ரூன்கள் (லெவல் ஏற்றச் செலவழிக்கும் பணம்) செத்த இடத்தில் கிடக்கும், அதை எடுப்பதற்குள் மறுபடி செத்தால் போயே போச்சு. கையில் நிறைய சேர்ந்திருந்தால் தெரியாத இடத்துக்குப் போவதற்கு முன்பே கிரேஸில் உட்கார்ந்து செலவழித்துவிடுங்கள்.

கதை புரியவில்லை என்று நிறைய பேர் சொல்கிறார்கள். சிறுவயதில் தனக்கு முழுதாகப் புரியாத ஆங்கிலப் புத்தகங்களைப் படங்களை வைத்துக் கற்பனை செய்து நிரப்பிக்கொண்டதாக மியாசாகி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், இந்தக் கதைகளும் அப்படி நிரப்பிக்கொள்ளத்தான். கையில் கிடைக்கும் ஒவ்வொரு பொருளின் விவரத்தையும் படியுங்கள், அது எங்கே, யாருடைய பிணத்தருகே கிடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எல்டன் ரிங் முடித்தவர்கள் அடுத்து டார்க் சோல்ஸ் ரீமாஸ்டர்டு போகலாம். இவர்களுடைய இன்னொரு கேமான செகிரோவுக்குப் போனால் மட்டும் உருளும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், அங்கே எதிரியின் வாள் வந்து மோதும் கணத்தில் உங்கள் வாளால் தட்டிவிடுவதுதான் எல்லாமே. பாழடைந்த கோயிலுக்கு வெளியே ஹன்பே என்று சாக முடியாத ஒருவர் இருக்கிறார், காது பழகும் வரை அவரிடம் தட்டிப் பழகுங்கள்.

ரோபோ பிடிக்கும் என்றால் 2023-ல் வந்த ஆர்மர்டு கோர் 6. அதில் முதல் அத்தியாயத்தின் கடைசியில் வரும் பால்டியஸிடம் திரும்பத் திரும்பத் தோற்றால் அதே துப்பாக்கியோடு மோதிக்கொண்டிருக்காதீர்கள். செக்பாயின்ட்டிலிருந்து மறுபடி தொடங்கும்போதே ரோபோவின் பாகங்களை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஒரு கையில் பல்ஸ் கன் மாட்டுங்கள், அவனுடைய கேடயம் சீக்கிரம் உடையும், உடைந்ததும் நெருங்கிப் போய் மிச்ச ஆயுதங்கள் எல்லாவற்றையும் இறக்குங்கள்.