பாளையங்கோட்டைக்குப் போனால் முதலில் ஊசிக்கோபுரம்

நெல்லை ஜங்ஷனில் இறங்கியதும் ஆட்டோவை நேரே முருகன்குறிச்சிக்கு விடச் சொல்லுங்கள். தாமிரபரணி மேல் சுலோச்சன முதலியார் பாலம், வண்ணார்பேட்டை, அப்புறம் ஊசிக்கோபுரம். கிறிஸ்தவ மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826இல் கட்டிய திரித்துவ ஆலயம் அது. அந்தக் கூரான கோபுரம் எழுந்தது 1845இல். சொந்தக்காரர் வீட்டுக்குப் பிறகு போய்க்கொள்ளலாம்.

நான் இந்த முறை கோயிலைக் கடைசி நாளுக்கு வைத்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஆறு நாள் லீவில் நாலு நாள் ஓர் அலுவலக பெஞ்சிலேயே போய்விட்டது. தாத்தா வீட்டில் எனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொல்லிப் பெரியப்பா கேட்டிருந்தார். பட்டாவில் தாத்தாவின் பழைய பெயர். வாரிசுச் சான்றிதழில் ஞானஸ்நானப் பெயர். இரண்டும் ஒருவர்தான் என்று காட்ட வேண்டுமாம். குமாஸ்தா இரண்டு தாளையும் பக்கம் பக்கமாக வைத்து, பேனா முனையால் எழுத்தெழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசியில் “நாளைக்கு வாங்க.” நாளைக்குப் போனால் ஜெராக்ஸில் முத்திரை தெளிவில்லை. மறுநாள், சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும்.

இப்படி வேலை இருந்தால் பழைய தாள்களையெல்லாம் ஒரு மாதம் முன்பே வாங்கிப் பெயர்களை ஒத்துப் பாருங்கள். இல்லையென்றால் இருக்கும் நாட்டிலேயே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, உங்களுக்காக வேறொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரம் அனுப்பிவிடுங்கள். அது இந்தியா வந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் பெரியப்பாவிடம், “இதுக்காகத்தான் வரச் சொன்னீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நடை தளர்ந்த பிறகு அம்மாவை ஞாயிறுதோறும் கைபிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனவர் அவர். நான் மாதாமாதம் பணம் அனுப்பினேன், அவ்வளவுதான். ரேனியஸ் ஜெர்மன்காரர். 1820இல் பாளையங்கோட்டை வந்தவர், 1838இல் இங்கேயே இறந்தார். கல்லறையும் இந்த ஊரில்தான். நானோ இந்த மண்ணில் பிறந்தவன்.

கோயிலுக்கு ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் போங்கள். பாட்டு கேட்கும், உள்ளே உட்காரலாம். நான் போனது கடைசி நாள் இரவு, ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பு. கதவு பூட்டியிருந்தது. பெரியப்பாவும் கூட வந்திருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் கை காட்டினார்: “மூணாவது வரிசை. ஃபேனுக்குக் கீழே. அங்கதான் உக்காருவா.”