கல்லீரல் நோயாளியின் ரத்த அறிக்கை: எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ளவரின் ரத்த அறிக்கை கைக்கு வந்ததும், தடித்த எழுத்தில் அச்சான எண்களைத்தான் வீட்டில் எல்லோரும் முதலில் தேடுவார்கள். "நார்மல்" என்று வந்திருக்கும் சில எண்களையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். அந்த நார்மல் எல்லைகள் கல்லீரல் நன்றாக உள்ளவர்களை வைத்து வகுக்கப்பட்டவை. கல்லீரல் பழுதானால் ரத்தப் புரதம் குறைகிறது, தசை கரைகிறது, வீங்கிய மண்ணீரல் ரத்த அணுக்களைச் சீக்கிரமே அழிக்கிறது. இவற்றால் பல சோதனைகள் நோயைக் குறைத்துக் காட்டும். எங்கே அப்படி நடக்கும், அதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலில், முடிந்தவரை ஒரே லேபில், காலையில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ரத்தம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் கால் மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருங்கள். படுத்திருப்பவர் எழுந்து நின்றாலே ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் இறங்கி, ஆல்புமின் (கல்லீரல் செய்யும் முக்கிய ரத்தப் புரதம்) 10 சதவீதம் வரை கூடிவிடும். பழைய அறிக்கைகளைத் தேதிவாரியாகக் கோப்பில் வையுங்கள். கல்லீரல் நோயில் ஒற்றை எண்ணைவிட அது நகரும் திசைதான் அதிகம் சொல்லும்.

கிரியேட்டினின்: அதிகம் ஏமாற்றும் எண்

கிரியேட்டின் என்ற பொருளைப் பெருமளவு உற்பத்தி செய்வது கல்லீரல். அது தசைக்குப் போய், அங்கே கிரியேட்டினினாக மாறி, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிரோசிஸில் உற்பத்தியும் குறைகிறது, தசையும் குறைகிறது. வயிற்றில் நீர் கோத்திருந்தால் இருப்பதும் நீர்த்துப்போகிறது. மஞ்சள் காமாலை கடுமையாக இருந்தால் பிலிருபின் என்ற மஞ்சள் பித்த நிறமி, கிரியேட்டினின் சோதனையின் வேதிவினையிலேயே குறுக்கிட்டு எண்ணை இன்னும் இறக்கிவிடும். பழைய ஜாஃபே முறையில் இந்தத் தொல்லை அதிகம். சில என்சைம் முறைகளும் தப்புவதில்லை. ஆகவே சிறுநீரகம் பாதி செயலிழந்தபின்னும் அறிக்கை 0.9 என்று காட்டக்கூடும். அதிலிருந்து கணக்கிட்டு லேப் தரும் இஜிஎஃப்ஆரும் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) அதே அளவு தவறும்.

கடந்த மூன்று மாதங்களில் எடுத்த, உடல்நிலை நிலையாக இருந்தபோதைய கிரியேட்டினினை அடிப்படையாகக் குறித்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரத்தில் அது டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூடினாலோ, ஒரு வாரத்துக்குள் அடிப்படையிலிருந்து 50 சதவீதம் ஏறினாலோ, அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. 0.6 இருந்தவருக்கு இரண்டு நாளில் 0.95 வந்தால் லேப் எந்தக் குறியும் போடாது, எண் எல்லைக்குள்தானே இருக்கிறது! ஆனால் மருத்துவரை அன்றே அழைக்க வேண்டிய ஏற்றம் அது. நீர்மாத்திரை எடுப்பவர்களும், வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் சிஸ்டாடின் சி கேளுங்கள். உடலின் எல்லா அணுக்களும் உருவாக்கும் புரதம் அது. தசை அளவும் பிலிருபினும் அதை அவ்வளவாகப் பாதிக்காது. ஸ்டீராய்டு மருந்தும் தைராய்டு கோளாறும் அதை மாற்றும் என்பதால் இரண்டையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஐஎன்ஆர்

ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் கணக்கு, உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்களுக்காக வகுக்கப்பட்டது. சோதனை ரசாயனங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைச் சமன்செய்யும் எண்ணும் அவர்களுடைய ரத்தத்தை வைத்தே நிர்ணயிக்கப்படுகிறது. எனவே கல்லீரல் நோயாளியின் ஒரே ரத்தத்தை இரண்டு லேபுகளுக்கு அனுப்பினால் வெவ்வேறு ஐஎன்ஆர் வரலாம். கல்லீரல் மாற்று அறுவைக்கான வரிசையைத் தீர்மானிக்கும் மெல்ட் மதிப்பெண்ணில் பிலிருபின், கிரியேட்டினினோடு இதுவும் சேர்வதால், லேபை மாற்றினால் மதிப்பெண்ணும் மாறிவிடக்கூடும்.

மாதிரி எடுப்பதிலும் பிழை வரும். நீல மூடிக் குழாயில் உறைவைத் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம் சேர வேண்டும். நரம்பு கிடைக்காமல் குழாய் பாதிதான் நிரம்பினால் சிட்ரேட் மிகுந்து ஐஎன்ஆர் பொய்யாக ஏறும். அந்தக் குழாயை ஒதுக்கிவிட்டு வேறொன்றில் கோடு வரை நிரப்பச் சொல்லுங்கள்.

ஐஎன்ஆர் 1.8 என்றால் "ரத்தம் தானாகவே நீர்த்திருக்கிறது, உறையாது" என்று பலர் நினைக்கிறார்கள். இது ஆபத்தான எண்ணம். கல்லீரல் உறைவுக் காரணிகளை மட்டும் செய்வதில்லை; உறைவைத் தடுக்கும் புரதம் சி, ஆன்டித்ராம்பின் ஆகியவற்றையும் அதுவே செய்கிறது. இரண்டு பக்கமும் சேர்ந்தே குறைகின்றன, ஐஎன்ஆர் ஒரு பக்கத்தை மட்டும்தான் அளக்கிறது. இத்தகையவர்களுக்கும் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் ரத்தக்கட்டி வருகிறது. ரத்தப்போக்கு நேருமா என்பதையும் இந்த எண்ணை வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பித்த அடைப்பு உள்ளவர்களுக்கு, உறைவுக் காரணிகளைச் செய்யத் தேவையான வைட்டமின் கே குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. ஐஎன்ஆர் ஏற அதுவே காரணமா என்றறிய, மருத்துவர் அந்த வைட்டமினை, வழக்கமாக 10 மில்லிகிராம், ஊசியாகக் கொடுத்து ஒரு நாள் கழித்து மறுபடி அளப்பார். எண் நன்றாக இறங்கினால் குறை வைட்டமினில், இறங்காவிட்டால் கல்லீரலில்.

எச்பிஏ1சி

சிவப்பணுவில் படிந்த சர்க்கரையை அளந்து, கடந்த சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைச் சொல்லும் சோதனை இது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும் என்ற கணக்கில் இந்தச் சோதனை நிற்கிறது. மண்ணீரல் அவற்றை முன்னதாகவே அழித்தாலோ, உணவுக்குழாய் ரத்தப்போக்கு நேர்ந்தாலோ, ரத்தம் ஏற்றியிருந்தாலோ, சர்க்கரை படிய நேரம் கிடைப்பதில்லை. எண் பொய்யாகக் குறையும். 5.4 என்ற நிம்மதியான எண்ணோடு சாப்பாட்டுக்குப் பின் 240 சர்க்கரை உள்ளவர்கள் இருக்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைவு எண்ணை எதிர்த்திசையில் ஏற்றும் என்பதால், எவ்வளவு பிழை என்று ஊகித்துத் திருத்தவும் வழியில்லை. மாற்றாகச் சொல்லப்படும் ஃப்ரக்டோசமினும் (ரத்தப் புரதத்தில் படிந்த சர்க்கரையை அளப்பது) ஆல்புமின் குறைந்தவர்களிடம் தவறும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரையும் போதாது, சிரோசிஸில் அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு வாரம் வெவ்வேறு வேளைகளில் குளுக்கோமீட்டரில் எடுத்து எழுதுங்கள். நோயை உறுதிசெய்ய 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனை நல்ல வழி. கடுமையான ரத்தசோகை இருந்தால் சில குளுக்கோமீட்டர்கள் கூட்டிக் காட்டும், அப்போது லேப் எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அம்மோனியா

பழுதான கல்லீரல் அகற்றாமல் விடும் அம்மோனியா மூளையைப் பாதிக்கலாம் என்பதால் இதை அளக்கிறார்கள். இதைப்போல எடுக்கும் முறையிலேயே கெட்டுப்போகும் சோதனை வேறில்லை. கையில் பட்டையை இறுக்கிக் கட்டக் கூடாது, முஷ்டியை மடக்கி விரிக்கக் கூடாது; தசை அம்மோனியாவை விடும். அதற்கு முன் புகைபிடித்திருக்கக் கூடாது. குளிர்ந்த ஊதா மூடிக் குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, 15 நிமிடத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். தாமதித்தால் குழாய்க்குள்ளேயே அம்மோனியா பெருகும். வீட்டில் எடுத்து வண்டியில் கொண்டுபோன மாதிரிக்கு மதிப்பே இல்லை.

சரியாக எடுத்தாலும் பயன் குறுகியது. குழப்பமான நிலையில் உள்ளவருக்கு அம்மோனியா நார்மல் என்றால், சர்க்கரை தாழ்வு, மூளை ரத்தக்கசிவு, தொற்று, தூக்க மாத்திரை என வேறு காரணம் தேட அது உதவும். உயர்ந்த எண் மட்டும் மூளைப் பாதிப்பை உறுதிசெய்யாது, மருந்தளவைக் கூட்டவோ குறைக்கவோ அதை அடிப்படையாக்கவும் கூடாது. அம்மோனியாவைக் குறைக்கும் லாக்டுலோஸ் மருந்து எடுப்பவர் நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாக மலம் கழிக்கிறாரா, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள். நாள், இடம் தடுமாறினால் சோதனைக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றவை

கல்லீரல் அணுக்கள் அழியும்போது ரத்தத்தில் கலக்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற என்சைம்கள் முற்றிய சிரோசிஸிலும் நார்மலாக இருக்கலாம். அழிய மிச்சமுள்ள அணுக்களே குறைவு. வைட்டமின் பி6 குறைந்தவர்களிடம், குறிப்பாக மது அருந்துபவர்களிடம், சில சோதனை முறைகள் எஸ்ஜிபிடியைக் குறைத்துக் காட்டும். எஸ்ஜிஓடி மட்டும் ஏறியிருந்தால் குழாயில் சிவப்பணு உடைந்ததா, முந்தைய நாள் கடும் உடற்பயிற்சியா என்று கேளுங்கள்.

ஆல்புமினை அளக்க இரண்டு சாயங்கள் உண்டு. புரோமோகிரெசால் பச்சை மற்ற புரதங்களோடும் ஒட்டிக்கொண்டு எண்ணைக் கூட்டும். புரோமோகிரெசால் ஊதாவில் அந்தப் பிழை குறைவு. சிரோசிஸின் கடுமையைக் கணிக்கும் சைல்ட்–பியூ மதிப்பெண்ணின் ஆல்புமின் எல்லைகள் 2.8, 3.5 என்று நெருக்கமாக இருப்பதால் சாயம் மாறினாலே நோயாளியின் மதிப்பெண் மாறக்கூடும்.

பித்த அடைப்பை நீக்கிய பிறகு நேரடி பிலிருபின் மெதுவாக இறங்கினால் பதற வேண்டாம். ஒரு பகுதி ஆல்புமினோடு இறுகப் பிணைந்திருப்பதால், ஆல்புமின் கழிய ஆகும் வாரங்கள் அதற்கும் ஆகும். பிலிருபின் வெளிச்சத்தில் சிதையும் என்பதால் மாதிரியை மூடி வைக்க வேண்டும்.

தொற்று, அழற்சி வந்தால் ஏறும் சிஆர்பி புரதம் கல்லீரலில் உற்பத்தியாவது. கல்லீரல் மிகவும் தளர்ந்தவரிடம் தொற்று கடுமையாக இருந்தும் அது போதிய அளவு ஏறாது. வயிற்று நீரில் தொற்று உண்டா என்பதை அந்த நீரை எடுத்துச் சோதித்தே சொல்ல முடியும்.

தட்டணு திடீரென்று சரிந்தால் ஊதா மூடிக் குழாயில் அவை திரண்டுவிட்டனவா என்று கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். திரண்டிருந்தால் நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும்.

சோடியத்திலும் இதே வகைச் சிக்கல். பெரிய லேப் இயந்திரங்கள் மாதிரியை நீர்த்துப்போகச் செய்து அளக்கின்றன, புரதம் குறைந்த ரத்தத்தில் இது சோடியத்தைச் சற்றுக் கூட்டிக் காட்டும். பித்தத் தேக்கத்தால் கொழுப்பு மிக அதிகமானவர்களிடம் மாறாகக் குறைத்துக் காட்டும். எண் நோயாளியின் நிலையோடு பொருந்தவில்லை என்றால் ரத்த வாயு அளக்கும் கருவியில் ஒருமுறை பாருங்கள், அது நீர்க்காமல் நேரடியாக அளக்கும். கால்சியத்துக்கும் ஆல்புமினை வைத்துத் திருத்தும் சூத்திரத்தைவிட அயனிக் கால்சியத்தை அளப்பதே மேல். வலிப்புக்கு ஃபெனிடாய்ன் எடுப்பவர்கள் மொத்த அளவை விட்டு, புரதத்தோடு ஒட்டாத கட்டற்ற அளவைக் கேளுங்கள். மொத்தம் குறைவாகத் தெரிகிறதே என்று மருந்தைக் கூட்டினால் நச்சாகிவிடும்.