அறுபது தாண்டினால் என்ன வண்டி? வாங்கப் போகும்போது மனைவியையும் கூட்டிப்போங்கள்

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம். முன்பெல்லாம் கதை நெல் விலையிலும் பிள்ளைகளின் படிப்பிலும் போகும். இப்போது யாருக்கு எங்கே நோகிறது, யார் என்ன வண்டி மாற்றினார், வீட்டில் மனிசி என்ன சொன்னா, இவ்வளவுதான். போன கிழமை ஒரு நண்பர், "மச்சான், பைக்கை விக்கப் போறன், காலைத் தூக்கிப் போட ஏலாமக் கிடக்கு, இனி பஸ்தான்" என்றார். அவர் நாற்பது வருசம் வண்டி ஓடிய மனிதர். விற்கட்டும், அது சரி. ஆனால் ஓடுவதையே விடத் தேவையில்லை, உடம்புக்குத் தக்க வண்டிக்கு மாறினால் போதும். அன்றைக்கு அவருக்குச் சொன்னதையும், நானும் மனைவியும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்கு எங்கே நோகிறது என்று பாருங்கள், வண்டி பிறகு. மோட்டார் சைக்கிளில் ஏற வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கி ஆசனத்துக்கு மேலால் போட வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்கும் இடுப்புப் பிடித்தவருக்கும் அதுவே பெரிய பாடு. ஸ்கூட்டியில் முன்னால் கால் வைக்கும் இடம் திறந்திருப்பதால் காலை முழங்கால் உயரத்துக்கு எடுத்தாலே போதும். இன்னொன்று, சீனி வருத்தம் கனகாலமாக உள்ளவர்களுக்குப் பாதம் விறைத்திருக்கும். மோட்டார் சைக்கிளின் பின் பிறேக் வலது காலில் இருக்கிறது, விறைத்த பாதத்துக்கு எவ்வளவு அமத்துகிறோம் என்று தெரியாது. ஸ்கூட்டியில் இரண்டு பிறேக்கும் கையில்தான். அதே நேரம் விரல்கள் விறைத்து, இரவில் கை மரத்து எழும்புகிறவர் என்றால் பிறேக் பிடி எவ்வளவு இலகுவாக இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம், வேறொன்றும் இல்லை.

பாரத்தையும் பாருங்கள். பல்சர் 150 மோட்டார் சைக்கிள் என்றால் 140 கிலோவுக்கு மேல். டியோ ஸ்கூட்டி 100 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஸ்கூட்டி பெப் பிளஸ் 93 கிலோ, ஆசனம் 768 மில்லிமீற்றர் உயரம், எஞ்சின் 87.8 சிசி. பெப் பொம்பிளைகளின் வண்டி என்று எங்கள் ஆட்கள் சிலர் இன்னும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை விடுங்கள். வண்டி சரியத் தொடங்கினால் பிடித்து நிறுத்த வேண்டியது உங்கள் இடுப்பும் முழங்காலும்தான், அந்த நேரத்தில் பத்துக் கிலோ பெரிய வித்தியாசம்.

கடைக்குப் போகும்போது மனைவியைக் கூட்டிப்போங்கள். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். தனியாகப் போனால் நாங்கள் இருபத்தைந்து வயதில் ஆசைப்பட்ட வண்டியைத்தான் பார்ப்போம். ராத்திரி நாங்கள் எத்தனை தரம் எழும்புகிறோம், படியேறும்போது எந்தக் காலை இழுக்கிறோம், எந்தப் பக்கம் கழுத்துத் திரும்பாது என்பதெல்லாம் மனைவிக்குத்தான் தெரியும். கடையில் வெட்கப்படாமல் இதைச் செய்யுங்கள்: வண்டியில் பத்துத் தரம் ஏறி இறங்குங்கள். முதல் மூன்று தரம் எல்லோராலும் முடியும், ஏழாவது எட்டாவதில்தான் முழங்கால் உண்மையைச் சொல்லும். உட்கார்ந்தபடி இரண்டு காலின் முன்பாதமும் நிலத்தில் பதிகிறதா பாருங்கள். பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், கொஞ்சம் சரிவான இடத்தில் என்றால் இன்னும் நல்லது. பிறகு மனைவியைப் பின்னால் ஏற்றிப் பாருங்கள். பிடிக்கக் கம்பி இருக்கிறதா, கால் வைக்க வாகான மிதி இருக்கிறதா, ஏறி இறங்க அவருக்கு நோகிறதா? அவருக்கும் உங்கள் வயதுதானே.

பெரிய ஸ்ராண்டில் நிறுத்துவதில் நிறையப் பேர் முதுகைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கையால் தூக்கக் கூடாது. வண்டியின் இடப்பக்கம் நின்று, ஸ்ராண்டின் இரண்டு காலும் நிலத்தில் ஒரே நேரம் படும்படி வண்டியை நிமிர்த்தி, வலது காலால் ஸ்ராண்டின் மிதியில் முழு உடம்புப் பாரத்தையும் இறக்குங்கள். வண்டி தானாகப் பின்னேறி நிற்கும், கை வழிகாட்டினால் போதும். வலது முழங்காலே கெட்டுப்போயிருந்தால் பக்க ஸ்ராண்டோடு விடுங்கள், ஆனால் மணலில் விடும்போது அடியில் ஒரு பலகைத் துண்டோ தட்டையான கல்லோ வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்ராண்ட் புதைந்து வண்டி விழும்.

இனி ஒரு விஷயம், எனக்கு நடந்தது. இரண்டு வருசத்துக்கு முன் என் வலது கைக்குப் பலம் போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தேன். முன் பிறேக்கைப் பிடிக்கப் பிடிக்க மணிக்கட்டு நோகும், சந்தைக்குப் போய் வந்தால் விரல் மடங்காது. எண்ணெய் பூசினேன், ஒத்தடம் கொடுத்தேன், கிளினிக்கில் சொல்லிக் குளிசையும் எடுத்தேன். ஒருநாள் முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி பிறேக்கை அமத்திப் பார்த்துவிட்டு, "இஞ்ச பாருங்க, எனக்கும் ஏலாமத்தான் கிடக்கு, இது உங்கட கையில்ல" என்றார். கராஜில் கழற்றிப் பார்த்தால் கேபிள் உள்ளுக்குள் சிவந்து துருப்பிடித்துப் போயிருந்தது, கம்பியில் இரண்டு இழை அறுந்தும் இருந்தது. புதுக் கேபிள் போட்ட அன்றைக்கே கை நோவில் பாதி குறைந்தது. கடற்கரையை ஒட்டி இருக்கிற எங்கள் ஊர்களில் உப்புக் காற்று கேபிளைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் கேபிள் வாய்க்குள் மாதம் ஒரு தரம் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிடி இறுகினால் கையைக் குறை சொல்லுமுன் வீட்டில் இன்னொருவரை அமத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

டயருக்குக் காற்றும் அப்படித்தான். நல்லா இறுக்கி அடி என்று காற்றடிக்கிற பையனிடம் சொல்வது எங்கள் பழக்கம். அதிகம் இறுகினால் ஒவ்வொரு பள்ளமும் நேரே முள்ளந்தண்டில் ஏறும், குறைந்தால் வளைவில் வண்டி அலையும். வண்டியோடு வந்த புத்தகத்தில் தனியாக ஓட ஒரு அளவும், பின்னால் ஆள் இருந்தால் இன்னொரு அளவும் போட்டிருக்கும். அதைப் படித்துக் கேளுங்கள். பற்றரியையும் கவனியுங்கள், அது செத்தால் உதைத்து எடுக்க வேண்டும், எங்கள் முழங்காலுக்கு அந்த உதை ஆகாது.

ஸ்கூட்டியின் சில்லுச் சின்னது, பெரும்பாலும் பத்து அங்குலம். பிரதான வீதியில் குறையில்லை. கடற்கரைப் பக்கம் உள்வீதிகளில் மணல் சேர்ந்து கிடக்கும் இடத்தில் முன் சில்லு சட்டென்று ஒரு பக்கம் இழுக்கும். அங்கே முன் பிறேக்கைத் தொடாதீர்கள், அக்சிலரேட்டரைக் குறைத்து நேராகப் போய்ப் பின் பிறேக்கை மெல்லப் பிடியுங்கள். மணல் கூடுதலென்றால் இறங்கித் தள்ளுங்கள். பின்னால் மனைவி இருந்தால் முதலில் அவர் இறங்கட்டும், பிறகு நீங்கள். அறுவடைக் காலத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போகிறவர்கள் தார் வீதியில் காயப்போட்ட நெல்லையும் நினைவில் வையுங்கள், நெல்லில் சில்லு வழுக்கும். காத்தான்குடியில் நடுவில் பேரீச்சை நிற்கும் வீதியில் இடைவெளிக்கு இடைவெளி வண்டிகள் கிறுகித் திரும்பும். கழுத்துத் திரும்பாதவர்கள் அந்த இடங்களில் வேகத்தைப் பாதியாக்குங்கள். கழுத்துப் பிரச்சினைக்கு நான் கண்ட வழி கண்ணாடிதான்: இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி, அதில் உங்கள் தோள் கொஞ்சம்தான் தெரிய வேண்டும், மிச்சமெல்லாம் வீதி. அப்படியும் வலப்பக்கம் திரும்புவதற்கு முன், பின்னால் இருக்கும் மனைவியிடம் கேளுங்கள். நான் "வருதா?" என்பேன், "வருது, பொறுங்க" அல்லது "இல்ல, போங்க" என்பார். அவரும் பார்த்துச் சொன்னால்தான் வண்டியைத் திருப்புவேன்.

இரவு ஓடுவதைக் குறையுங்கள், முடிந்தால் விடுங்கள். கண்ணில் வெண்புரை தொடங்கினால் பகலில் அவ்வளவு தெரியாது, எதிரே வெளிச்சம் வந்தால் எல்லாம் பாலாய்ப் பரவும். அந்த நேரம் பார்த்துக் கறுத்த மாடு ஒன்று வீதியில் படுத்திருக்கும். வெண்புரைக்கு நல்ல சத்திரசிகிச்சை இருக்கிறது, பயப்படாமல் செய்துகொள்ளுங்கள், வைத்தியர் ஓடலாம் என்று சொன்ன பிறகு ஓடுங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தை எட்டு வருசத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழும் வேண்டும். ஆனால் எட்டு வருசத்தில் கண் எவ்வளவோ மாறிவிடும், வருசம் ஒரு தரம் நீங்களாகப் போய்ச் சோதியுங்கள்.

கிளினிக் நாள்தான் கூடுதல் ஆபத்தான நாள். இரத்தம் எடுக்க வேண்டுமென்று வெறும் வயிற்றோடு காலையில் புறப்படுகிறோம், சிலர் பழக்கத்தில் சீனிக் குளிசையையும் போட்டுவிட்டு வருகிறார்கள். செட்டிபாளையத்தில் இருந்து மட்டக்களப்பு வரை வெறும் வயிற்றோடு வண்டி ஓடாதீர்கள், பஸ்ஸில் போங்கள் அல்லது யாரையாவது ஓட விடுங்கள். குளிசையை எப்போது போடுவதென்று முதல் நாளே கிளினிக்கில் கேளுங்கள். வழியில் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தால் உடனே ஓரம் கட்டுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியோ இனிப்புச் சோடாவோ எடுத்துக் கால் மணித்தியாலம் இருங்கள், தெளியாவிட்டால் திரும்பவும் எடுங்கள். தெளிந்தாலும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ஆறுதலாக இருந்துதான் வண்டியைத் தொட வேண்டும். என் ஆசனப் பெட்டிக்குள் சீனிப் பொதியும் தண்ணீர்ப் போத்தலும் எப்போதும் இருக்கும், வைப்பது மனைவி. தடிமனுக்குப் போடும் பிரிட்டன் (Piriton) குளிசை நித்திரையைக் கொண்டுவரும், அதைப் போட்ட நாள் வண்டி வேண்டாம். பிரசர் குளிசை எடுக்கிறவர்கள் இறங்கியதும் விறுக்கென்று நடக்காமல் வண்டியைப் பிடித்தபடி கொஞ்சம் நில்லுங்கள். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்கு முன் வேலையை முடித்துவிடுங்கள், அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்குமென்று பயந்து தண்ணீர் குடிக்காமல் போகாதீர்கள்.

காரும் ஓட்டோவும் பற்றிச் சுருக்கமாக. கார் வாங்க வசதி இருந்தால் ஆசனம் உயரமான காரைப் பாருங்கள். பழைய ஆல்டோவில் கீழே குந்துவதுபோல இறங்க வேண்டும், வாகன் ஆர் அப்படியில்லை, நாற்காலியில் இருப்பதுபோல இருக்கலாம். நனோவும் உயரமான காரே, ஆனால் 2018ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுவிட்டது, உதிரிப்பாகத்தை விசாரித்துவிட்டு வாங்குங்கள். எந்தக் காரிலும் முதலில் முதுகுப்பக்கமாக உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். ஓட்டோவில் வெயில் மழை இல்லை, மனைவி வசதியாக இருப்பார். ஆனால் இடக்கையால் கிளச்சையும் பிடித்து கியரையும் திருக வேண்டும், கை விறைத்தவருக்கு அது சரிவராது. வளைவில் வேகமாகத் திருப்பினால் பிரளும் வண்டி என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக, மனைவி ஓடப் பழகட்டும். போன வருசம் என் முழங்காலில் ஊசி போட்டு மூன்று கிழமை ஓடக் கூடாது என்றபோதுதான் எங்கள் வீட்டில் இது தொடங்கியது. சைக்கிள் ஓடத் தெரிந்தவர்களுக்குச் சமநிலை ஏற்கெனவே கையில் இருக்கிறது, அக்சிலரேட்டர்தான் புதுசு. காலை ஆறு மணிக்கு ஆளில்லாத வீதியில், முதல் இரண்டு நாளும் எஞ்சினை எடுக்காமல் தள்ளி நடந்து பிறேக் மட்டும் பிடிக்கட்டும். மூன்றாம் நாள் எஞ்சினை எடுத்து, கால் இரண்டும் நிலத்தில் உரச மெல்லப் போகட்டும். நீங்கள் பக்கத்தில் ஓடிவர வேண்டாம், ஒரு மரத்தடியில் நில்லுங்கள். சாறியோடு பழக வேண்டாம், முந்தானை சில்லில் சிக்கும். பெப் 100 சிசிக்குக் கீழே என்பதால் ஏ1 வகுப்பு அனுமதிப்பத்திரம் போதும், டியோவுக்கு ஏ வகுப்பு எடுக்க வேண்டும். எதை வாங்குவது என்று முடிவெடுக்கும்போதே இதையும் யோசியுங்கள்.

நீங்கள் பின்னால் இருக்கும் முறை வரும்போது ஹெல்மெட்டைப் போட்டு வாரை இறுக்குங்கள், கம்பியைப் பிடியுங்கள், வளையும்போது அவர் சாயும் பக்கமே சாயுங்கள். "பிறேக்கப் பிடி, பிறேக்கப் பிடி" என்று கத்தாதீர்கள். முதல் நாள் ஆரையம்பதிச் சந்தை வரை போய்த் திரும்பினோம், தோளில் கை வைக்கட்டுமா என்று கேட்டேன், "வையுங்க, ஆனா அமத்தாதீங்க" என்றார்.