ரோமில் ஒரு நாள்: இடிபாடுகளையும் தேவாலயங்களையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி?

முதல் முறை ரோமுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பட்டியல் போடுவார்கள்: இடிபாடுகள் ஒன்று, தேவாலயங்கள் ஒன்று. இரண்டையும் கிழித்துப் போடுங்கள். அந்த ஊரில் ஒரு பழைய கோயில் முழுசாக நிற்கிறதென்றால், பெரும்பாலும் யாரோ அதைத் தேவாலயமாக மாற்றியிருப்பார்கள். மாற்றாதவற்றின் கல்லை உருவி வேறு கட்டடம் கட்டிவிட்டார்கள்.

படி 1: கிளம்பும் முன்

கொலோசியம் என்ற பழைய வட்டரங்கம், ஃபோரம் என்ற பழைய நகர மையத்தின் இடிபாடுகள், பக்கத்திலுள்ள பாலட்டைன் குன்று மூன்றுக்கும் ஒரே டிக்கெட்தான். கொலோசியத்துக்கு மட்டும் நுழையும் நேரம் குறித்துத் தருவார்கள். அந்த நேரம் பகல் 12 மணி வாக்கில் இருக்கும்படி வாங்குங்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கும் என்பதால் பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும். பையில் ஒரு துப்பட்டாவோ துண்டோ வையுங்கள்; தோளும் முழங்காலும் தெரிந்தால் தேவாலயத்தில் தடுத்துவிடுவார்கள்.

படி 2: காலை 8 மணி, மேலிருந்து

நேரே ஃபோரத்துக்குள் இறங்கினால் கற்குவியல்தான் தெரியும். முதலில் கேபிடோலின் குன்றில் ஏறி, மாநகராட்சிக் கட்டடத்துக்குப் பின்பக்கம் போய் நில்லுங்கள். காசு கிடையாது. காலடியில் கி.பி. 203-ஆம் ஆண்டின், பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் வெற்றி வளைவு, பக்கத்தில் எட்டுத் தூண்களோடு சாட்டர்ன் கோயில், தொலைவில் கொலோசியம். பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனால் உள்ளே வழி தவறாது.

படி 3: அந்தரத்தில் ஒரு கதவு

ஃபோரத்துக்குள் ஒன்றை மட்டும் ஆற அமரப் பாருங்கள்: அன்டோனைனஸ் – ஃபௌஸ்டினா கோயில். 141-இல், இறந்துபோன அரசி ஃபௌஸ்டினாவுக்காகக் கட்டத் தொடங்கியது. பிற்பாடு அதற்குள்ளேயே ஒரு தேவாலயம் எழுந்தது. தூண்களுக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தால், ஆள் எட்டாத உயரத்தில் ஒரு பச்சைக் கதவு. படிக்கட்டு அதைத் தொடவே இல்லை. கட்டிய கொத்தனாரின் தவறல்ல. கதவு வைத்த காலத்தில் தரையே அந்த உயரத்தில்தான் இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் மண் மேடேறி, இந்த இடத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ‘மாட்டுத் திடல்’ என்றே பெயர். அப்புறம் மண்ணைத் தோண்டி எடுத்தார்கள், கதவு அந்தரத்தில் நின்றுவிட்டது.

படி 4: கொலோசியம்

கி.பி. 80-இல் திறந்தது. இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுவரெங்கும் அம்மைத் தழும்பு போல இருக்கும் ஓட்டைகளை மட்டும் கவனியுங்கள்; கல்லோடு கல்லைப் பிணைத்த இரும்பைப் பின்னாளில் பெயர்த்தெடுத்த தடம் அது.

படி 5: மதியம்

பல தேவாலயங்கள் மதியம் 12.30 வாக்கில் கதவைச் சாத்தினால் 3 மணி வரை திறக்காது. இது தெரியாமல் ஒரு வாசற்படியில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பிடப் போங்கள். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், தெருவோரக் குழாய்களில் நல்ல தண்ணீர் ஓயாமல் ஓடும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகப் பீறிட்டு வரும், குனியாமல் குடிக்கலாம்.

படி 6: சான் கிளமென்டே

நேரம் குறைவென்றால் மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள். கொலோசியத்திலிருந்து பொடிநடை. மேலே 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். டிக்கெட் வாங்கிப் படியிறங்கினால் அதன் அடியில் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். 1857-இல் ஐரிஷ் துறவி ஜோசப் முல்லூலி தோண்டத் தொடங்கும் வரை அது மண்ணுக்குள் கிடந்தது. இன்னும் இறங்கினால் ரோமானியர் காலத்துக் கட்டடங்கள், அவற்றுள் மித்ராஸ் தெய்வத்தை வழிபட்ட தாழ்ந்த கூரை அறை. இங்கே ஈரமும் குளிரும் ஏறும். பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்.

படி 7: தெம்பு இருந்தால் பாந்தியன்

இதுவும் ஒரு பழைய ரோமானியக் கோயில். 609-இல் தேவாலயமானது, அதனால்தான் கூரையோடு நிற்கிறது. குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உயரமும் ஒன்றுதான்: சுமார் 43 மீட்டர். உச்சியில் திறந்த வட்டம், கண்ணாடிகூடக் கிடையாது. மழை பிடித்தால் ஓட்டலுக்குத் திரும்பாமல் இங்கே ஓடி வாருங்கள். மழை உள்ளேயே பெய்யும். தரையில் தண்ணீர் எந்தத் துளைகளில் வடிகிறது என்று தேடிப் பாருங்கள்.